ஊர்ப்பக்கம்: குட்டையும் ராட்டையும்

எங்கள் ஊரில் ஐப்பசி மழை தொடங்கிவிட்டது என்று எனக்கு வானிலை ஆப் சொல்வதில்லை. அப்பாவின் போன்தான் சொல்லும். "கண்ணு, வண்டி கிளம்பிருச்சு. நாளக்கழிச்சு வூட்டுல இருப்பேன்."

திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் ரிக் ஊர். இந்தியாவில் எந்த மூலையில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும், அந்த லாரியின் நெற்றியில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. என் அப்பா அப்படி ஒரு வண்டியில் டிரில்லர். பூமி காய்ந்தால் அவருக்கு வேலை. மழை பெய்தால் வயலுக்குள் லாரி இறங்காது, போர் போடவும் ஆள் கூப்பிட மாட்டார்கள். வண்டிகள் ஊருக்குத் திரும்பி, பட்டறைகளில் வரிசையாக நிற்கும். ஊரே மழையை எதிர்பார்க்கும்போது நான் மட்டும் மழையோடு சேர்த்து அப்பாவையும் எதிர்பார்த்து வளர்ந்தவள்.

இந்தத் தீபாவளிக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அப்பா வந்திருந்தார். தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டை ததும்பி நின்றது. அப்பத்தாவின் ஒன்பது வாத்துகளும் அதில் மிதந்துகொண்டிருந்தன. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, ஒன்றைத் தவிர. குட்டைக் கரையில் இரண்டு லோடு மண்ணும் கருங்கல்லும் இறக்கி வைத்திருந்தார்கள்.

"என்னங்கப்பா இது?"

"குட்டைய மூடிட்டு செட்டு போடலாம்னு இருக்கேன் கண்ணு. நாலு தறி வாங்கிக் கூலிக்கு ஓட்டுனா வூட்டோட இருந்துக்கலாம். இன்னும் எத்தன நாளைக்கு லாரிலயே படுத்துத் தூங்கறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பாவுக்கு 52 வயது. கம்ப்ரஸர் சத்தத்தில் ஒரு காது பாதி மந்தம். பாறைப் புழுதியில் வருஷம் முழுக்க நிற்கிறவர் வீட்டோடு இருக்க ஆசைப்பட்டால், குட்டை அழகாக இருக்கிறது என்பதற்காக "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா?

அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. தவிட்டைப் பிசைந்து வாத்துகளுக்கு வீசிக்கொண்டிருந்தார்.

புதுப்பாளையத்துக்கு ஒரு பயணம்

லீவிலும் ஆபீஸ் விடாது. "பக்கத்துலதானே காந்தி ஆசிரமம், ஏதாவது புதுக் கோணத்துல ஒண்ணு எழுதி அனுப்பு" என்று டெஸ்கிலிருந்து மெசேஜ். அப்பத்தாவிடம் சொன்னேன். "நானும் வர்றேன் சாமி" என்று கிளம்பிவிட்டார். ஸ்கூட்டியின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, வழி முழுக்க எந்தக் காட்டில் யார் என்ன போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தை ராஜாஜி தொடங்கியது 1925 பிப்ரவரி 6-ஆம் தேதி. அப்போது இந்தப் பகுதி சேலம் மாவட்டம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல்தான். இடம் கொடுத்தவர் புதுப்பாளையம் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். திறந்து வைத்தவர் பெரியார் ஈ.வெ.ரா. பின்னாளில் எதிரெதிர் அணிகளில் நின்ற இருவரும் அன்று கதருக்காக ஒரே பந்தலில் இருந்தார்கள். அடுத்த மாதமே, 1925 மார்ச்சில், காந்தி இங்கே வந்தார்.

சேலத்தில் பெயர்பெற்ற வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர், இந்த மேட்டுக்காட்டுக்கு வந்து ஏன் குடியிருந்தார்? எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே இந்தச் சந்தேகம் உண்டு. அதற்கான பதில் பருவத்தில்தான் இருக்கிறது.

இது மழையை நம்பிய மானாவாரி பூமி. மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934-இல். அதற்கு முன் மழை பொய்த்தால் இங்கே கம்பும் சோளமும் கிடையாது, கூலி வேலையும் கிடையாது. மழை பெய்த வருஷத்தில்கூட அறுவடை முடிந்தால் அடுத்த மழை வரைக்கும் கைகள் சும்மாதான் இருக்கும். நாட்டின் உழவர்கள் ஆண்டில் குறைந்தது நான்கு மாதம் வேலையின்றி இருக்கிறார்கள், அந்த மாதங்களை நிரப்பத்தான் ராட்டை என்று காந்தி திரும்பத் திரும்பச் சொன்னார். உழவுக்குப் பதிலாக ராட்டையை அவர் நீட்டவில்லை. உழவு இல்லாத நாட்களுக்காகத்தான் நீட்டினார். ராஜாஜி அந்தக் கணக்கைச் செய்து பார்க்கத் தேர்ந்தெடுத்த இடம் எங்கள் வறண்ட தாலுகா. வறட்சியில் வாடிய ஊர்ப் பெண்களுக்கு ஆசிரமம் பஞ்சு கொடுத்தது, நூற்ற நூலை எடை போட்டு வாங்கிக் கூலி கொடுத்தது. மைல் கணக்கில் நடந்து வந்து நூலைக் கொடுத்துவிட்டுப் பஞ்சு வாங்கிப் போனார்கள்.

"எங்கம்மா அப்பிடித்தான் நடந்து வந்து போட்டுட்டுப் போகும். நானும் கூட வந்திருக்கேன்" என்றார் அப்பத்தா. "கோடைல காட்டுல வேலை இருக்காது. ராட்டை சுத்துனாத்தான் உப்பு புளிக்குக் காசு."

அவர் சிறுமியாக இருந்தது 1950-களில். அம்பர் சர்க்கா என்ற புதுவகை ராட்டை பரவத் தொடங்கிய காலம் அது. அதை உருவாக்கியவர் ஏகாம்பரநாதன் என்ற தமிழர். அவர் பெயரின் நடுவில் இருக்கும் 'அம்பர்'தான் ராட்டைக்கும் பெயரானது. வடநாட்டுப் பெயர் என்றே நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

ஆசிரமத்துக்கு ஊரில் எதிர்ப்பும் இருந்தது. சாதி பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து வாழ்ந்து, சேர்ந்து உண்ட இடம் என்பதால் சுற்றுவட்டாரத்தில் பலர் முகம் சுளித்தார்கள். அதையும் தாண்டித்தான் நின்றது. மதுவிலக்குக்காக 1929-இல் 'விமோசனம்' என்ற பத்திரிகை இங்கிருந்து வந்தது. அதில் ராஜாஜிக்குத் துணையாக இருந்து வேலை பார்த்த இளைஞர் பெயர் ரா. கிருஷ்ணமூர்த்தி. நமக்கெல்லாம் கல்கி. நம்மைப் போன்ற வார இதழ்களின் முன்னோடிகளில் ஒருவர், எங்கள் ஊர்ப் புழுதியில் நடந்து பத்திரிகை வேலை பார்த்தவர் என்று நினைக்கும்போது கொஞ்சம் கர்வம்தான். 1937-இல் சென்னை மாகாணப் பிரதமரான ராஜாஜி, மதுவிலக்கை முதலில் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான்.

அப்பத்தாவின் காலண்டர்

திரும்பி வரும்போது டீக்கடையில் உட்கார்ந்தோம். "வருஷத்துக்கு எந்த மாசம் என்ன வேலைங்க அப்பத்தா?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். போனில் பதிவு செய்துகொண்டேன். அதில் காடு, தோட்டம், ராட்டை, தறி, வாத்து எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கலந்து வந்தன. நான் பிரித்து எழுதுகிறேன்.

ஆனி, ஆடி: வேப்பம்பழம் உதிரும். பொறுக்கிக் கழுவிக் காயவைத்து எண்ணெய்க்குக் கொடுப்பார்கள். கதர்க் கடைகளில் நாம் வாங்கும் வேப்பெண்ணெய் சோப்பின் தொடக்கம் இந்தப் பொறுக்கலில்தான். ஆடிப் பட்டத்துக்கு வேலியோரம் அவரை, பாகல், பீர்க்கன் ஊன்றுவார்கள். ஆவணி வரைக்கும் பருத்தி விதைப்பு. குட்டை அடியில் சேறு மட்டும் இருக்கும். வாத்துகளுக்குத் தொட்டியில் தண்ணீர் வைக்க வேண்டும். நீந்தாவிட்டாலும் பரவாயில்லை, அலகையும் கண்ணையும் முக்கிக் கழுவுகிற ஆழத்துக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் வாத்துக்குக் கண் கெட்டுவிடும் என்றார்.

புரட்டாசி, ஐப்பசி: மழை. நெசவாளிக்கு இது கஷ்ட காலம். பாவுக்குப் போட்ட கஞ்சி காயாது, தெருவில் பாவு விரிக்க முடியாது, குழித்தறிக்குள் தண்ணீர் ஊறும். ஆனால் வாத்துக்கு இதுதான் வருஷப்பிறப்பு. குட்டை நிறையும். நத்தை, புழு, பூச்சி, தவளைக்குஞ்சு என்று காசில்லாத தீனி. புதுச் சிறகு மினுமினுக்கும். வாலடியில் இருக்கும் எண்ணெய்ச் சுரப்பியை அலகால் தொட்டுத் தொட்டு உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவது அதனால்தான்.

கார்த்திகை, மார்கழி: முட்டைக் காலம். கோழி பகலில் இடும். வாத்து விடியற்காலையில் இட்டுவிடும். ஒன்பது மணிக்கு முன் திறந்துவிட்டால் போகிற போக்கில் எங்காவது போட்டுவிட்டு வரும். அதனால் அப்பத்தா தாமதமாகத்தான் பட்டியைத் திறப்பார். நாட்டு வாத்து பெரும்பாலும் அடையில் ஒழுங்காக உட்காராது. வாத்து முட்டையைக் கோழிக்கு வைப்பார்கள். கோழிக்குஞ்சுக்கு 21 நாள், வாத்துக்குஞ்சுக்கு 28 நாள். ஒரு வாரம் கூடுதலாகப் பொறுமை காட்டிய அந்தக் கோழி, குஞ்சுகள் முதல்முறை குட்டையில் இறங்கும்போது கரையில் ஓடி ஓடிக் கத்தும் பாருங்கள், சின்ன வயதில் நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். இப்போது பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. மகளைச் சென்னைக்கு அனுப்பிய என் அம்மா ஞாபகம்தான் வருகிறது.

தை, மாசி: அவரை கொத்துக் கொத்தாகக் காய்க்கும். பருத்தி வெடிக்கும். மல்லசமுத்திரம், திருச்செங்கோடு ஏலங்களுக்கு மூட்டைகள் போகும். மேட்டூர் கிழக்குக்கரைக் கால்வாய்ப் பாசனத்தில் வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை தண்ணீர் விடுவார்கள். அங்கே நெல் அறுத்து முடித்த வயல்களில் வாத்துக்காரர்கள் வந்து இறங்குவார்கள். நூற்றுக்கணக்கில் வாத்துகள் ஒரே வரிசையாக வரப்பில் நடக்கும். உதிர்ந்த நெல் வாத்துக்கு, எச்சம் வயலுக்கு. இரவில் வலை கட்டி வயலிலேயே அடைப்பார்கள். தீனி முடிந்தால் அடுத்த ஊர்.

பங்குனி, சித்திரை: குட்டை வற்றும். அடியில் படிந்த வண்டலை வெட்டித் தோட்டத்துக்கு அடிப்பார்கள். வாத்தும் மழையும் சேர்ந்து செய்து வைத்த உரம் அது. வெயில் ஏற ஏற வாத்து முட்டையை நிறுத்தும், இறகை உதிர்க்கும். காட்டில் வேலை இருக்காது. ராட்டை வெளியே வரும்.

"வாத்து ஓய்வெடுக்கற மாசத்துலதான் நாங்க நூல் நூப்போம்" என்று முடித்தார். ஆசிரமம் எதற்கு வந்தது என்று இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பருவம் இல்லாத ஊர்

அன்று இரவு தூக்கம் வரவில்லை. தூரத்தில் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. யோசித்துப் பார்த்தால், இந்த நூறு வருஷத்தில் எங்கள் வட்டாரம் ஜெயித்தது எல்லாமே பருவத்தைத் தோற்கடித்துத்தான்.

விசைத்தறிக்கு மழையும் வெயிலும் ஒன்று, கரன்ட் இருந்தால் போதும். நாமக்கல் கோழிப் பண்ணைகளில் முட்டைக்கோழிக்கு ஒரு நாளில் 16 மணி நேரம் வெளிச்சம் கிடைக்கும்படி பல்பு எரிகிறது. சூரியன் மறைந்ததே அதற்குத் தெரியாது. எல்லா மாதமும் முட்டை. ரிக் வண்டி மழை பெய்யாத ஊரிலும் தண்ணீர் தேடித் தரையைத் துளைக்கிறது. அந்தச் சும்மா இருந்த நான்கு மாதத்தை ராட்டை நிரப்பியதைவிட இவை நன்றாக நிரப்பிவிட்டன. இதைக் குறையாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என்னை டிப்ளமோ படிக்கவைத்த ஃபீஸ் ரிக் வண்டியில் வந்தது. நான் பார்க்கும் வேலையும் அப்படித்தான். டிஜிட்டல் டெஸ்கில் ஆடியும் இல்லை, மார்கழியும் இல்லை. மணிக்கு ஒரு செய்தி ஏறியாக வேண்டும்.

எங்கள் வீட்டில் பருவத்துக்குக் கட்டுப்பட்டு இன்னும் வாழ்வது அந்த ஒன்பது வாத்துகளும் குட்டையும்தான். அப்பத்தாவையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கிணற்றில் விட்ட கயிறு

மறுநாள் காலை அப்பாவிடம் குட்டையைப் பற்றிப் பேசவில்லை. கிணற்றைப் பற்றிக் கேட்டேன். எங்கள் பழைய கிணறு குட்டையிலிருந்து நாற்பதடி தள்ளி இருக்கிறது.

"அப்பா, கிணத்துல இப்ப எவ்வளவு தண்ணி இருக்குங்க?"

பார்த்துவிடலாம் என்று கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கினார். வேலைக்காரர் அல்லவா, அளவு என்றால் உற்சாகம் வந்துவிடும். புரட்டாசியில் அடியில் கணுக்கால் அளவு கிடந்த தண்ணீர் இப்போது பதினாலு அடி நின்றது.

"மழை பேஞ்சிருக்குதில்ல" என்றார்.

"மேக்கால தோட்டத்துலயும் இதே மழைதானுங்கப்பா. அங்க கிணறு ஏறலியே?"

அப்பா கொஞ்ச நேரம் குட்டையைப் பார்த்தார். பிறகு தரையில் குச்சியால் கோடு போட்டார். எங்கள் பூமி கடினப் பாறை. மேல் மண்ணுக்கும் பாறைக்கும் நடுவில் உக்கிப்போன பாறை ஓர் அடுக்கு உண்டு. குட்டையில் தேங்கும் தண்ணீர் மெல்ல இறங்கி அந்த அடுக்கில் ஊறும், அங்கிருந்து கிணற்றுக்கு வரும். ஓடிப்போகிற மழை ஊறாது, நிற்கிற மழைதான் ஊறும். அதற்கும் கீழே பாறையில் வெடிப்பு இருந்தால்தான் போரில் தண்ணீர். வெடிப்பு கிடைக்காவிட்டால் ஆயிரம் அடி போனாலும் புழுதிதான்.

"எத்தன ஊருல புழுதிய மட்டும் பாத்துட்டு வந்திருக்கேன். பைப்பு எறக்கும்போது அந்தக் குடும்பமே சுத்தி நின்னு பாக்கும். புழுதி வந்தா ஒருத்தர் மூஞ்சியயும் பாக்க முடியாது" என்றார். அப்பா தன் வேலையைப் பற்றி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அப்போதுதான் அப்பத்தா வாயைத் திறந்தார். "மூடறதுன்னா மூடிக்கப்பா. நான் எத்தன நாளைக்கு இருக்கப் போறேன். மாசி வரைக்கும் பொறுத்துக்க. தண்ணி நிக்கறப்போ மண்ணக் கொட்டாத. அதுகளுக்கு எங்க போறதுன்னு தெரியாது."

யாரும் பதில் சொல்லவில்லை. அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அத்தைங்க சொல்றது சரிதானுங்களே" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து அப்பா மேட்டுப் பக்கம் நடந்து நடந்து அளந்தார். வீட்டுக்கும் வேலிக்கும் நடுவில், இரண்டு தென்னையை எடுத்தால் செட்டுக்கு இடம் வருகிறது. ஆனால் அங்கே நாலு தறி போட முடியாது, இரண்டுதான். இரண்டு தறிக் கூலியில் கடனும் கட்டி வீடும் நடத்த முடியாது. இன்னும் ஒரு வருஷம், அதிகம் போனால் இரண்டு வருஷம், அவர் வண்டிக்குப் போக வேண்டும்.

"போறேன், என்ன இப்போ" என்றார்.

குட்டை தப்பித்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்துக்கு விலை அப்பாவின் இன்னொரு கோடை என்பதும் தெரிகிறது. வண்டல், வாத்து, ராட்டை என்று எழுதுவது எனக்குச் சுலபம். மாதக் கணக்கில் லாரிக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கப் போவது நான் இல்லை. அதனால் இந்த வாரப் பத்தியை "பாரம்பரியம் காப்போம்" என்று முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ராஜாஜி இங்கே வந்து கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஊரை விட்டுப் போகாமல், பூமியையும் கெடுக்காமல், வருஷம் முழுக்க ஒரு குடும்பம் எதை வைத்துப் பிழைப்பது? நூறு வருஷத்துக்கு முன் அதற்கு ஒரு பதிலாக ராட்டையை வைத்தார்கள். இன்று எங்கள் வீட்டுப் பதில் இரண்டு தறி, ஒரு குட்டை, இன்னும் ஒரு வருஷ லாரி.

கார்த்திகை தீபம் முடிந்து அப்பா வண்டியேறிவிட்டார். நான் சென்னையில். தினமும் காலையில் அவர் வீட்டுக்குப் போன் போடுகிறார் என்று அம்மா சொன்னார். கிணற்றில் எத்தனை அடி என்று கேட்கிறாராம். அப்பத்தாவுக்கு அடிக்கணக்கு தெரியாது. போனை வாங்கி, அவருக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறாராம்.

"இன்னைக்கு ஏழு முட்டை சாமி. தண்ணி இருக்குது."